ஏழு வீட்டுத் துணி

அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் இல்லத்தாரின் வணக்கம்.

சென்ற ஆண்டு அடக்கத்தன்று எங்களுக்கு ஆறுதல் கூறிய பலரும் ஒரே சொல்லைச் சொன்னீர்கள்: "உங்க அம்மா தைரியசாலி." அன்பினால் பிறந்த சொல் அது. தலைவணங்கி ஏற்றுக்கொண்டோம். ஆயினும் இத்தனை ஆண்டுகள் அம்மாவின் அருகிலேயே உறங்கி எழுந்தவள் என்ற முறையில் அதனைச் சற்றே திருத்த விரும்புகிறேன். அம்மா அஞ்சி வாழ்ந்தவர். மழை வலுத்தால் அஞ்சுவார். தொலைபேசி ஒலித்தால் அஞ்சுவார். சரக்கு வண்டி ஓட்டும் அப்பா நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் வரை சோற்றில் கைவைக்கமாட்டார். அந்த அச்சத்தை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் வரலாறாகிவிடும்.

அம்மா பனமலை ஏரிப் பாசனத்து ஊர் ஒன்றில், பிறர் நிலத்தில் உழைத்த குடும்பத்தின் மூன்றாவது மகளாகப் பிறந்தார். மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கிடையே, களை எடுத்த கையோடு பள்ளிக்குச் சென்றவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பின்னர் விழுப்புரத்தில் கன்னியர் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்தார். 1993ஆம் ஆண்டு அப்பாவை மணந்து, தம் உழைப்பில் வாங்கிய தையல் இயந்திரத்தோடு திண்டிவனம் வந்தார். மறு ஆண்டு நான் பிறந்தேன். எனக்குப் பின் ஒரு தங்கை பிறந்தாள். மழைக்காலத்தில் பிறந்தவள், பொங்கலுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். உறங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் வழக்கம் அம்மாவுக்கு அதன் பிறகே வந்தது. அந்த விரல் என் முகத்தருகே வருவதைக் கண்மூடியபடி நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். விழித்திருப்பதாகக் காட்டிக்கொண்டதில்லை.

2003ஆம் ஆண்டின் அடைமழையில், விழுப்புரத்து மருத்துவமனையில் தம்பி பிறந்தான். எடை குறைவு. உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் பங்கு ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவன்று, அவ்வாண்டில் பிறந்த குழந்தைகளைக் குடிலின் முன்னே கிடத்தி, பங்குத்தந்தை ஆசீர்வதிப்பார். விரிப்பை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தம்பிக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு சிறு போர்வை தைக்க அம்மா எண்ணினார். இயந்திரத்தின் அடியில் இருந்த மூட்டையில், ஊரார் ரவிக்கைகளின் வெட்டுத்துணி பத்துப் போர்வைக்குப் போதுமான அளவு கிடந்தது. பிள்ளைப்பேற்றுக்கு உதவ ஓமந்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மூட்டையைக் காலால் தள்ளினார்.

"இது ஆவாது. கொழந்த தங்காத வூடும்மா இது. ஏழு வூட்ல கையேந்தி வாங்கின துணியில தச்சிப் போடு. கொழந்த சாவாத வூடா பாத்துக் கேளு. பிச்சத் துணியில படுத்த புள்ளைய, இது எவனோ இல்லாதவன் வூட்டுப் புள்ளன்னு எமன் தாண்டிப் போயிடுவான்."

"எமனா? அண்ணி, நாம கோயிலுக்குப் போறவங்க."

"நீ எந்தக் கோயிலுக்குப் போறவன்னு அவன் கேட்டுக்கினா வர்றான்?"

இரவல் வாங்கிய ஊக்கைக்கூட மறுநாளே திருப்பிக் கொடுக்கும் அம்மா, தம்பி பிறந்து முப்பது நாள் கழிந்ததும் என் கையில் ஒயர் கூடையைக் கொடுத்து, தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் படியேறாமல் நின்றே கேட்டார். முதல் வீட்டு ஜெயராணி அக்கா உரக்கச் சிரித்தார்.

"இன்னாக்கா, தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிறவ நீ, என்னாண்ட வந்து துண்டுத் துணி கேக்கிற? போன தீவாளிக்கு என் துணியில அடிச்ச அர மீட்டரு அதுக்குள்ள தீந்துபோச்சா?"

அம்மாவால் சிரிக்க இயலவில்லை. அவர் முகத்தையும் என் கூடையையும் மாறி மாறிப் பார்த்த ஜெயராணி அக்கா, பேச்சை நிறுத்தி உள்ளே சென்று, தம் மகனின் பழைய சட்டையிலிருந்து ஒரு கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். காரணம் கேட்கவில்லை. தங்கையின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஏழாவது வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. விழுப்புரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து இரண்டொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரே மகன், பத்தாம் வகுப்பு, பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடுபவன். அத்தகைய பிள்ளையுள்ள வீடு என்பதாலேயே அம்மா அங்கே சென்றார். துணி எடுக்க உள்ளே போன ஸ்டெல்லா அக்கா நெடுநேரம் வரவில்லை. வந்தபோது, வெண்பூக்கள் சிதறிய மஞ்சள் துணியொன்றை மடிப்புக் கலையாமல் நீட்டினார்.

"இது போதுமா, பாப்பாம்மா?" என்னைப் பாப்பா என்று அழைத்தவர், அம்மாவை அப்படித்தான் அழைப்பார்.

"எம்மாம் மெத்துன்னு இருக்குது, ஸ்டெல்லாக்கா!"

மென்மையான துணி என்பதால் அம்மா அதனையே நடுவில் வைத்தார். மற்ற ஆறு வீட்டுத் துணிகளைப் பட்டைகளாக வெட்டிச் சுற்றிலும் இணைத்தார். அடியில் அப்பாவின் பழைய வேட்டி. இடையில் நைந்த சேலை மடிப்பு. இயந்திரத் தையல் குழந்தைக்கு உறுத்தும் என்று, விளிம்பு முழுவதையும் கையால் ஓட்டினார். தைக்கும்போதே ஒவ்வொரு வீடாகச் சொல்லி, "அங்க ஒண்ணும் நடக்கலியே, அண்ணி?" என்று அத்தையிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். நடக்கவில்லை என்ற விடை அவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னர், பிற்பகலில், தம்பி பால் குடிப்பதை நிறுத்தினான். பாதம் சில்லிட்டிருந்தது. மூச்சில் ஓர் உரசல் கேட்டது. அப்பா சரக்கேற்றிக்கொண்டு ஓசூருக்குப் போயிருந்தார். தெருமுனை மருத்துவர் வந்து பார்த்து, பிறந்த மருத்துவமனைக்கே உடனே கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா பையை எடுத்த வேளையில் ஸ்டெல்லா அக்கா குடைகூட இல்லாமல் வாசலில் வந்து நின்றார்.

"பாப்பாம்மா, அந்த மஞ்சத் துணிய பிரிச்சுடு. அது எம் பொண்ணு கவுனு."

எங்களுக்கு விளங்கவில்லை. அவருக்கு ஒரு மகன் மட்டுமே என்று தெரு முழுவதும் எண்ணியிருந்தது.

"பையனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்தா. ரெண்டு வயசுல விழுப்புரத்துல போயிட்டா. இங்க யாராண்டயும் சொல்லல. நீ வந்து கேட்டப்போ இல்லன்னு சொல்ல வாய் வரல. பொட்டியிலயே கெடக்குதே, ஒரு தபா ஒரு கொழந்த மேல கெடக்கட்டும்னு ஆசப்பட்டுட்டேன். பிரிச்சுடு, பாப்பாம்மா."

"அடிப்பாவி!" என்று அத்தை எழுந்தார். "தெரிஞ்சே குடுத்தியாடி? உங்கையால குடுத்தியா? ஏம்மா, நிக்காத. மொதல்ல அதப் பிரிச்சி வீசிட்டு அப்புறம் கெளம்பு."

அம்மா பிளேடை எடுத்தார். முதல் தையலின் மேல் அதை வைத்தார். தம்பியின் மூச்சு மறுபடியும் உரசியது.

"நேரமில்ல, அண்ணி."

ஒரு வார மழையில் வீட்டில் வேறு எந்தக் கனத்த துணியும் காய்ந்திருக்கவில்லை. அம்மா அப்போர்வையாலேயே தம்பியைச் சுற்றினார். பின்னர் வாசலை நோக்கி, "ஸ்டெல்லாக்கா, நீ எங்கூட வா" என்றார்.

"நானா? எங்கை ஆவாது, பாப்பாம்மா."

"எனக்குத் தனியாப் போவ பயமா இருக்குது. வா."

அத்தையிடம் என்னை விட்டுச் சென்றிருக்கலாம். என் கையையும் அம்மா விடவில்லை. விழுப்புரம் செல்லும் பேருந்தில் எங்களைப் பார்த்த நடத்துநர், "கொழந்தைக்கு இன்னாம்மா?" என்று கேட்டார். "நீ ஒக்காரு. ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி வுடறேன்" என்று சொல்லி, ஓட்டுநரிடம் போய்க் குனிந்து பேசினார்.

அடுத்து எழுதுவதை நான் யாரிடமும் இதுவரை கூறியதில்லை. மயிலம் கூட்டுரோடு கடந்ததும் அம்மாவின் மடியைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் நகம் மஞ்சள் துணியின் ஓரத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. கண் குழந்தையின் முகத்தில் இருந்தது; விரல் தனியே வேலை செய்தது. ஒரு தையல் அறுந்தது, பிறகு அடுத்தது. அருகில் இருந்த ஸ்டெல்லா அக்காவும் அதைப் பார்த்தார். அவர் அழுவார் என்று நான் அஞ்சினேன். அவர் குனிந்தார், மறு ஓரத்து நூலைப் பல்லால் கடித்தார், அவரும் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு பெண்கள், ஒருத்தியின் மகளுடைய துணியை மற்றொருத்தியின் மகன் மீதிருந்து அகற்றிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டியை நெருங்கும்போது மூன்று பக்கமும் விடுபட்டுவிட்டன.

அப்போது தம்பி அழுதான். மெலிந்த, எரிச்சலான அழுகை. நால்வரில் முதலில் வாய் திறந்தவன் அவன்தான். இருவர் கைகளும் நின்றன. மஞ்சள் துணி ஒரு பக்கத்தில் மட்டும் பற்றித் தொங்க, அப்படியே மருத்துவமனைக்குள் ஓடினோம்.

செவிலியர் போர்வையை உருவி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தம்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். அவ்வறையின் வாசலிலேயே அம்மா இரண்டு நாள் அமர்ந்திருந்தார். அங்கே கழிந்த நேரத்தை என்னால் விவரிக்க இயலாது. கதவு திறந்த போதெல்லாம் அம்மா எழுந்து நின்றார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

விழாவன்று காலை, எங்கோ ஆலய மணி ஒலித்துக்கொண்டிருந்தபோது, இனிப் பால் கொடுக்கலாம் என்று மருத்துவர் கூறினார். அம்மா கொடுத்தார். பின்னர் செவிலியரிடம் சென்று ஊசியும் நூலும் கேட்டார்.

"ஊசியெல்லாம் நாங்க போட்டுக்கிறோம். நீ போய்ப் படும்மா" என்று அவர் சிரித்தார், பிறகு பக்கத்து வார்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார்.

அம்மா மஞ்சள் துணியைப் பழைய இடத்தில் பொருத்தித் தைக்கத் தொடங்கினார். ஸ்டெல்லா அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், பாப்பாம்மா. வேற துணி வெச்சிக்கலாம்."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது, ஸ்டெல்லாக்கா. ஆனா உம் பொண்ணு துணி ஆவாதுன்னு நான் எடுத்துப் போட்டா, எம் பொண்ண எந்த வூட்ல சேப்பாங்க?"

அம்மா தைத்தவற்றுள் தையல் கோணியது அந்த மூன்று பக்கங்கள் மட்டுமே. விழா தவறிவிட்டதால், சனவரியில் வரும் மூன்று இராசாக்கள் திருநாளன்று, பங்குத்தந்தையின் இசைவோடு, தம்பியை அப்போர்வையில் குடிலின் முன்னே கிடத்தினோம். எல்லாரும் கண்மூடிச் செபித்தனர். அம்மா கண்ணை மூடவில்லை. தம்பியின் மார்பு எழுந்து தணிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளை நீங்கள் அறிவீர்கள். இயந்திரத்தின் முன் குனிந்தே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். தம்பி கைப்பிடிக்குள் அடங்காத பிள்ளையாக வளர்ந்தான்; அவன் மிதிவண்டி வாங்கியது வீட்டில் ஓர் இழவுச் செய்திபோல் ஆயிற்று. தம் இறுதி ஆண்டில் அம்மா, சிறுநீரகம் பழுதுற்று, சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கு வாரந்தோறும் சென்றுவந்தார். கிளம்பும் காலைகளில் ஒருமுறை, "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரொம்பப் பயமா இருக்குது. செருப்ப எடுத்துப் போடு, ஆட்டோ வந்துடும்" என்றார்.

அம்மாவின் நோய்க்காலத்தில் குருதி அளித்தவர்களுக்கும், அடக்கத்தன்று குழி மேல் பந்தலிட்டு மழையைத் தடுத்த தெரு இளைஞர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், செவிலியர்க்கும் எங்கள் நன்றி. அத்தை கடைசி மூன்று மாதங்கள் ஓமந்தூருக்குத் திரும்பாமல் அம்மாவின் தலைமாட்டிலேயே இருந்தார். அவரது கடுஞ்சொற்களை எழுதிய நான், இதனையும் எழுதக் கடமைப்பட்டவள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு நன்றி கூறும் முன், இவற்றை அச்சிடலாமா என்று கேட்கச் சென்றேன். "இன்னிக்கும் உன் தம்பிக்கு ஜுரம்னா எனக்கு அந்தத் துணி நெனப்புதான் வருது" என்றார். எழுத வேண்டாமா என்று கேட்டேன்.

"எழுதும்மா. அவ பேரயும் போடு. இந்த ஊர்ல அந்தப் பேர உங்க அம்மாவத் தவிர யாரும் சொன்னதில்ல."

ஆகவே இன்று அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கும் உங்களை, மேலும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் தங்கையின் பெயர் ஆரோக்கியம். ஸ்டெல்லா அக்காவின் மகள் பெயர் அமலி.