லிஃப்ட் மெக்கானிக் வாய் திறந்த கதை

லிஃப்ட் பாதியில் நின்றால் அந்த வட்டாரத்தில் முதல் போன் மெக்கானிக்குக்குத்தான் போகும். உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, மேல போறதுக்கு இன்னும் காலமிருக்கு" என்பார். அலறல் சிரிப்பாகிவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. நாலு வாய்க்கே வயிறு கல்லாகக் கனத்தது. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். தெருமுனை டாக்டர் அல்சர் என்று கொடுத்த மாத்திரையை நான்கு மாதம் விழுங்கினார். பத்து வருடமாகத் தினமும் போடும் இன்னொரு மாத்திரையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எச்.ஐ.வி. என்பது மனைவிக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

மலம் தார் போலக் கறுத்துப்போன அன்று அவள் பொறுமையிழந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பெரிய ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். டாக்டரம்மா முகம் மாறவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார். வாய் வழியாகக் குழாய் விட்டு, துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். இரைப்பைச் சுவரில் லிம்போமா, நிணநீர்ப் புற்று.

"அபூர்வமானதுதான். ஆனா எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே தேடியிருப்போம். இப்பவும் கைமீறிப் போயிடல."

கீமோ என்றால் மாதக்கணக்கில் வேலை கிடையாது. கூட வேலை பார்க்கும் மனைவியின் தம்பியிடம் சொல்லாமல் முடியாது. மெஷின் ரூமில், கிரீஸ் கையோடு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"அக்காவுக்கு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல, மாப்ள. வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறா."

மைத்துனன் ஸ்பேனரை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. முதல் ஊசி மருந்தைவிட அதுதான் அவரை அறுத்தது.

நாலாம் நாள் வார்டுக்கு வந்தான், தரையைப் பார்த்தபடி.

"நானும் போய் ரத்தம் குடுத்தேன், மாமா. ஒண்ணுமில்லையாம். கூட வேலை பாத்தா ஒட்டிக்குமான்னு நர்ஸம்மா திட்டு திட்டுன்னு திட்டிட்டாங்க."

"நல்லா வாங்கினியா?"

"இன்னும் காது சுடுது."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வாந்தியும் வந்தது. மைத்துனன் சட்டென்று கட்டிலடிக் கிண்ணத்தை எடுத்து ஏந்திப் பிடித்தான்.

ஆறு சுற்று மருந்து. முடி போனது, ருசி போனது, ஆள் பாதியானார். கடைசி ஸ்கேனில் கட்டி இல்லை. இரண்டு வருடமாகியும் திரும்பி வரவில்லை. பரிசோதனை மட்டும் தொடர்கிறது. இப்போது லிஃப்ட் குழிக்குள் மைத்துனன்தான் இறங்குகிறான். மேலே நின்றபடி அவர் ஓயாமல் குறை சொல்கிறார்.