இஞ்சின் நின்ற பகல்

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே சாலையோரத்தில் இருந்த பருத்தி அரவை ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக நின்று இயந்திரங்களுக்குப் பருத்தி ஊட்டுவோம். முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, இஞ்சினிலிருந்து வரும் தோல் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மறைப்பு ஏதும் கிடையாது.

மாசி மாதத்தில் ஒரு நாள், பக்கத்தில் நின்ற அக்காவின் முந்தானையை அந்தப் பெல்ட் இழுத்துவிட்டது. சேலை கிழிந்ததால் உயிர் தப்பினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

"சேலைய இறுக்கிச் சொருகிட்டு நிக்கோணும்" என்றார் மேஸ்திரி. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கட்டுப்போட்ட கையோடு அக்கா தாலுகா கச்சேரி வாசலுக்குப் போய், ஆலைகளைப் பார்வையிடும் அதிகாரிக்கு மனு எழுதி வாங்கி வந்தாள். எங்களிடம் கைரேகை கேட்டாள். நான் தயங்கினேன்.

"பயமா இருந்தா வெக்காத அம்முணி. என்ர ரேகை ஒண்ணு போதும்."

நான் வைக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

எலும்பு கூடி அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, வைகாசியில் ஒரு முற்பகல் அதிகாரி வந்தார். முதலாளியும் கூடவே நடந்தார்.

"மனுப் போட்டது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். "நாந்தானுங்க. இங்கதான் நின்னனுங்க. பருத்தி அள்ளத் திரும்புனப்ப இழுத்துருச்சுங்க."

அவளை அதே இடத்தில் நிற்கச் சொல்லி, முதுகுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தார். பிறகு நிமிர்ந்து, "இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

"பருத்தி குமிஞ்சு கெடக்குதுங்க. பொழுதோட நிறுத்திக்கலாமுங்க" என்றார் முதலாளி.

"இப்பவே நிறுத்தணும். மறைப்புப் போட்டு நான் பார்க்கிற வரைக்கும் ஓட்டக்கூடாது. எழுதியே தர்றேன்."

பெல்ட் தளர்ந்து, ஆடி, நின்றது. வேலை நேரத்தில் அந்தக் கொட்டகைக்குள் நான் கேட்ட முதல் அமைதி அது. கூரையில் குருவிகள் இருந்தது அன்றுதான் தெரிந்தது. சட்டம் என்று ஒன்று உண்டு என்பது காதில் விழுந்ததுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கூப்பிட்டால் அது இவ்வளவு தூரம் வரும், முதலாளியே வாய் மூடி நிற்பார் என்று யார் கண்டது? அக்கா நின்றுபோன பெல்ட்டை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பலகைத் தடுப்பு வந்தது. அதிகாரி திரும்ப வந்து, அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்த பிறகே இஞ்சின் ஓடியது. மனுப் போட்ட கோபத்தில் அக்காவை வெயிலில் பருத்திக்கொட்டை அள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த பருவத்தில்தான் பழைய இடம் கிடைத்தது. நாங்களெல்லாம் முதுகுப் பக்கம் பயமில்லாமல் நின்றோம்.