அண்ணன் குரல்

நியாயம் பேசுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். புதுசா வர்ற தொழில்நுட்பத்தை வச்சு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு சென்னையில ஒரு பல்கலைக்கழகத்துல பாடம் நடத்துறேன். செத்தவங்க குரலைக் கம்ப்யூட்டர்ல உண்டாக்கிப் பேச வைக்கிறது தப்பு, அதுக்கு அவங்க சம்மதத்தை யார் வாங்கினதுன்னு கட்டுரையெல்லாம் எழுதியிருக்கேன்.

எங்க அண்ணன் எம்.ரெட்டியபட்டியில பருத்தி வெள்ளாமை பார்த்தாரு. மாரடைப்புல போயிட்டாரு. மறுவருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மதினி போன் பண்ணாக.

“தம்பி, போட்டோவும் குரலும் குடுத்தா, அவுகளே மண்டபத்து ஸ்கிரீன்ல வந்து பிள்ளைய வாழ்த்துற மாதிரி அருப்புக்கோட்டையில ஒரு ஸ்டுடியோக்காரரு செஞ்சு தாராராம். அவுக போனு பழுதாப் போச்சு. உங்களுக்குப் பேசி அனுப்புனதெல்லாம் இருக்குமே?”

இருந்துச்சு. டைப் அடிக்க வராதுன்னு எல்லாத்தையும் பேசித்தான் அனுப்புவாரு. “ஏலே, மழை பேஞ்சிருச்சுடா”ன்னு அவர் கத்துறதுக்குப் பின்னாடி மழைச் சத்தமும் கேக்கும். ஒண்ணைக்கூட நான் அழிக்கலை.

தரமாட்டேன்னுட்டேன். அவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில திணிக்கக்கூடாது மதினின்னு, வகுப்பெடுக்கிற மாதிரி அரைமணி நேரம் பேசினேன். அவுக முழுசையும் கேட்டுட்டு, “சரி தம்பி, படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்”னு வச்சிட்டாக. ஒரு தப்பு நடக்காம தடுத்துட்டோம்னு எனக்குப் பெருமை வேற. தூ!

கல்யாணத்தன்னைக்குத் தாரை வார்க்க என்னையும் என் வீட்டுக்காரியையும் மேடைக்குக் கூப்பிட்டாக. சித்தப்பனாச்சே, ஏறினேன். தண்ணி ஊத்தயில அண்ணன் மக தலையை நிமிர்த்திக் கூட்டத்துல யாரையோ தேடுச்சு. நானும் பார்த்தேன். மதினி பந்திக்கூடத்து வாசல்ல, தூணுக்குப் பின்னாடி நின்னாக. புருஷன் போனவுக மேடை ஏறக்கூடாதுன்னு யாரும் அவுககிட்ட சொல்லலை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

எறங்கினதும் நேரா அவுககிட்ட போனேன். என் கை ஈரம் காயலை.

“பெத்தவளாலதான் ஏற முடியாது, தகப்பனாச்சும் அங்கன நிக்கட்டும்னுதான் தம்பி கேட்டேன்”னாக. கோவமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை.

எங்க வீட்டுல இப்ப மூத்தவன் நான்தான். ஏறுங்க மதினின்னு நான் சொல்லியிருந்தா எவன் தடுத்திருப்பான்? செத்தவரோட சம்மதத்துக்கு அத்தனை வாதாடினேன். உயிரோட நின்னவுகளை ஒரு வார்த்தை வாங்கன்னு கூப்பிடலை.