இக்கரையில் உட்கார்ந்தவள்

கிளாவ்தியாவின் சமையலறைக் கடிகாரம் மாஸ்கோ நேரம் காட்டும். அதை அப்படி வைத்தது அவள் புருஷன் ஸ்தெபான். டிவியில் செய்தியும் தொடரும் மாஸ்கோ கணக்குக்குத்தான் வரும். தினமும் மனக்கணக்குப் போட்டே ஆயுசு போய்விடும் என்று ஒரு நாள் ஸ்டூல் மேல் ஏறி முள்ளைத் திருப்பிவிட்டான். அவன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சானல்களையும் நிறுத்திவிட்டார்கள். கடிகாரத்தை மட்டும் அவள் தொடவில்லை. குளிர்காலத்தில் அவள் இருக்கும் எஸ்தோனிய எல்லையூர் நார்வா, மாஸ்கோவுக்கு ஒரு மணி பின்னால். கடிகாரம் ஏழு என்றால் ஆறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் இங்கே நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள், அப்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் இப்படித்தான். புத்தாண்டுக்கு இரண்டு தரம் கோப்பை தூக்குவார்கள். முதலில் மாஸ்கோவுக்கு, அப்புறம் இந்த ஊருக்கு.

அவளுக்கு எழுபத்தொன்று. பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் நின்றே தேய்ந்த முழங்கால்கள். தங்கை ரிம்மாவும் அதே ஆலையில்தான் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இவான்கொரோத்தில் இருந்த ஒரு ஓட்டுநருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, யாரும் அதை வெளிநாட்டுச் சம்பந்தம் என்று நினைக்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் வீடு. உப்பு தீர்ந்தால் போய் வாங்கி வருகிற தூரம். பிறகு நாடு உடைந்து ஆறு எல்லையானது; அந்தப் பக்கம் மாஸ்கோவுக்கு, இந்தப் பக்கம் எஸ்தோனியாவுக்கு. ரிம்மா அந்த நாட்டுக்காரியானாள். கிளாவ்தியா எந்த நாட்டுக்காரியும் ஆகவில்லை. எஸ்தோனிய மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை போகவே இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சாம்பல் நிறப் பாஸ்போர்ட் ஒன்று அவள் கைப்பையில் கிடக்கிறது.

மாஸ்கோ போரைத் தொடங்கிய பிறகு பாலம் இன்னும் இறுகிப்போனது. வண்டிகள் கிடையாது, நடந்துதான் போக வேண்டும். பையைக் கவிழ்த்துச் சோதிப்பார்கள். வரிசை பாதி நாளை விழுங்கும். இலையுதிர் காலத்தில் ஒரு தடவை மழையில் நின்று போய்வந்தவள், திரும்பி வந்து காய்ச்சலில் விழுந்தாள். அதற்குப் பிறகு போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ரிம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மகள் லரீசா வந்து, அம்மாவைத் தன்னோடு செல்யாபின்ஸ்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டை விற்றாயிற்று. மார்ச் கடைசி ஞாயிறு மதியம் பஸ். இனி ரிம்மா இங்கே வரப்போவதில்லை, கிளாவ்தியா அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும், போனில் அதைப் பேசிக்கொள்ளவில்லை. ரிம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வந்து என்கூட ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போக்கா. நீ உக்காராம நான் எப்படிக் கிளம்புறது?"

அவர்கள் வழக்கப்படி, தூரப் பயணத்துக்கு முன்னால் போகிறவர்களும் இருக்கிறவர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். பெட்டி மேலோ கட்டில் ஓரத்திலோ, பேசாமல் ஒரு நிமிஷம். வயதில் மூத்தவர் முதலில் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள். அப்பா அம்மா போன பிறகு அந்தக் குடும்பத்தில் மூத்தது கிளாவ்தியாதான்.

கீழ் மாடி யெஃபீம் வாரம் தவறாமல் மாத்திரை வாங்கப் பாலம் தாண்டுகிறவர். ஞாயிறு விடியும் முன்பே போய் நின்று, அவளுக்கும் இடம் பிடித்து வைப்பதாகச் சொன்னார். கேட் ஏழு மணிக்குத் திறக்கும், ஆறரைக்குள் அவள் வந்துவிட வேண்டும். படியிறங்கும்போது நேரம் மாறுவதையும் நினைவுபடுத்தினார். இத்தனை வருஷமாக மாறுகிற நேரத்தை மறப்பேனா என்று அவள் சலித்துக்கொண்டாள்.

ஞாயிறு இருட்டோடு எழுந்து கோஸ் அடைத்த ரொட்டி சுட்டாள். அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தாள், மணி ஆறு. குளிர்காலம் முழுக்கச் செய்தபடியே ஒன்றைக் கழித்தாள், ஐந்து. நிதானமாகத் தலை சீவி, நல்ல கோட்டை எடுத்துப் போட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டாள். கடிகாரம் ஏழைத் தொட்டபோது கிளம்பினாள். வெளியே நல்ல வெளிச்சம். வசந்தம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பாலத்தடியில் யெஃபீமைக் காணவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சக்கரப் பையோடு நின்ற ஒரு அம்மாவிடம் நெட்டையாக ஒருத்தர் இங்கே நின்றாரா என்று கேட்டாள்.

"அவர் உள்ள போயி அரை மணியாச்சு. யாரோ வருவாங்க வருவாங்கன்னு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போனாரு."

"மணி ஆறரைதானே ஆகுது?"

"எந்த ஊர் ஆறரை?"

கடிகாரம், மாஸ்கோ என்று கிளாவ்தியா ஏதோ சொன்னாள்.

"மாஸ்கோவுலயும் ஏழரை, இந்த நாட்டுத் தாலின்லயும் ஏழரை. அவங்க ரெண்டு பேருமே இன்னிக்கு ஒத்துப் போயிட்டாங்க. நீங்க மட்டும்தான் தனியா நிக்கிறீங்க."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அவர்கள் வீட்டிலும் அதே கடிகாரம் இருக்கும். அவள் தங்கையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். முன்னால் நின்ற ஒருவர் திரும்பாமலே, எல்லாருக்கும் அந்தப் பக்கம் யாரோ கிடக்கத்தான் செய்கிறார்கள் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. நடந்து நடந்து வரிசையின் வாலுக்குப் போனாள். அது சதுக்கம் வரை நீண்டிருந்தது. கடைசியில் நின்றவர், உள்ளே போக ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றார். பஸ் மதியம். இருந்தாலும் நின்றாள். நிற்பது அவளுக்குத் தெரிந்த வேலை.

போன் அடித்தது. யெஃபீம். "அக்கா, என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. பின்னாடி நின்னவங்க தள்ளிட்டாங்க. உங்க தங்கச்சி வீட்லதான் இருக்கேன்."

உங்களைத் திட்ட என்ன இருக்கிறது என்றாள். மறுமுனையில் போன் கைமாறியது. ரிம்மாவின் பேச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது.

"ஆலையிலயும் நீதான் லேட்டா வருவே. சங்கு ஊதினப்புறம் ஓடி வருவே. வரிசைய விட்டுட்டு ஆத்தங்கரைக்கு வா."

கோட்டைக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிய நடைபாதைக்கு இறங்குவதற்குள் முழங்கால்கள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டன. எதிரே அவர்கள் கோட்டை, இங்கே இவர்கள் கோட்டை, நடுவில் கலங்கிய தண்ணீர். வெகு நேரம் கழித்து அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஒன்று இறங்கியது. லரீசா தள்ள, யெஃபீம் முன்னால் நின்று முட்டுக்கொடுத்தார். ரிம்மாவின் முகம் தெரியவில்லை. சிவப்புத் துணி கட்டிய தலை மட்டும் தெரிந்தது. கிளாவ்தியா கையைத் தூக்கினாள். அங்கே ஒரு கை உயர்ந்தது, நல்ல கை. போன் மறுபடி அடித்தது.

"கையில என்னக்கா?"

"கோஸ் ரொட்டி."

"எனக்கா சுட்டே?"

"பின்னே யாருக்கு?"

"தின்னு. நான் பாக்குறேன்."

நின்றபடியே இரண்டு வாய் தின்றாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று ரிம்மா கேட்டாள். கம்மிதான் என்றாள். எப்பவும் கம்மிதான் என்றாள் ரிம்மா. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்னால் லரீசாவின் குரல் கேட்டது.

"உக்காருக்கா."

பெஞ்சு ஈரமாக இருந்தது. ரொட்டி சுற்றிய துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அக்கரையில் லரீசா ஒரு கல்லில் உட்கார்ந்தாள், யெஃபீமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரிம்மா ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தாள். காதில் போன், அதில் தங்கையின் மூச்சு. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. மூத்தவள் எழ வேண்டும். கிளாவ்தியா எழவில்லை.

"அக்கா," என்றாள் ரிம்மா.

"கால் மரத்துப் போச்சு. இரு."

"சரி, இரு."

லரீசா கல்லிலிருந்து எழப் பார்த்தாள். ரிம்மா நல்ல கையால் அவளை அமர்த்துவது இங்கிருந்தே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கிளாவ்தியா பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலை, அப்புறம் மற்றதை நிமிர்த்தி எழுந்தாள்.

"சரி," என்றாள். "கிளம்புங்க."