ரோகிணியின் இடது பக்கம்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரே சொல்லும். ஊதுகிறவனுக்கு எவ்வளவு ஆத்திரம் வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. செல்லூரில் ரோகிணி அதைத் தன் முதுகால் படித்தவள்.

பிறவியிலேயே காது கேளாதவள். நாலு வயதில் அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. இடது காதுக்கு மேலே, மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு கருவி. வெளியே காதில் மாட்டும் மிஷினும், காந்தத்தால் முடிக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டமும். வலது காதுக்குச் சாதாரண மிஷின், அது பேருக்குத்தான். “இடது பக்கம் மட்டும் அடிபடாமப் பாத்துக்கங்க, உள்ள இருக்கிறது உடைஞ்சா அவ்வளவுதான்” என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் அம்மா மாயக்காள் அவளை ஆனையூரில் பொத்திப் பொத்தி வளர்த்தாள். பத்தொன்பது வயதில் முத்துப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தபோதும் மாப்பிள்ளையிடம் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அடிக்கக் கூடாத இடம் எது என்று அடிக்கப்போகிறவனுக்கே சொல்லிக்கொடுக்கிறோம் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்?

முத்துப்பாண்டி ஆரப்பாளையத்தில் லோடு ஆட்டோ ஓட்டினான். குடித்தால் கை நீளும். அதைவிட வாய் நீளும். ரோகிணி அடி வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு மிஷினையும் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதுகு, தொடை, வலது கன்னம் எல்லாம் அவன் இஷ்டம். அவன் வாய் சும்மா அசையும். இரண்டு வருடமாக அவன் திட்டிய திட்டெல்லாம் வீண்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மதிய வெயில். குடித்துவிட்டு வந்த வேகத்தில் அரிசி டப்பாவைக் கவிழ்த்தான். ஒரு கையால் அவள் கொண்டையைப் பிடித்து, மறு கையால் இடது மிஷினை மாட்டி, வட்டத்தை மண்டையில் வைத்து அழுத்தினான். தலைக்குள் சத்தம் திறந்துகொண்டது.

“இப்பக் கேளுடி! நான் பேசுறப்ப கழட்டி வைப்பியா? செவிட்டு மூதேவி, இன்னைக்கு நீ கேட்டுத்தான் ஆகணும்!”

கேட்டாள். அவளை, அவள் அம்மாவை, செத்துப்போன அப்பாவை என்று ஒருவரை விடாமல் திட்டினான். முகத்தில் குத்தினான், உதடு கிழிந்தது. வயிற்றில் மிதித்தான். அவள் அழவில்லை. அழாதது அவனுக்கு இன்னும் வெறியேற்றியது. அம்மியிலிருந்த குழவியை எடுத்தான்.

“இங்கனதானடி அடிக்கக் கூடாதுன்னா உங்காத்தா?”

குழவியை ஓங்கிக்கொண்டு, இடது கையால் அவள் முகத்தைச் சுவரோடு அழுத்தினான். அவன் கட்டைவிரல் அவள் வாயோரம் வந்தது. ரோகிணி கடித்தாள்.

குழவி நழுவி அவன் பாதத்திலேயே விழுந்தது. அவள் தலையைத் திருப்பி, இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டுப் பல்லை இறுக்கினாள். வலது பக்கம் அவன் அறைந்த அறையில் காதிலிருந்து ரத்தம் வந்தது. முதலில் கெட்ட வார்த்தையில் கத்தினான். பிறகு “விடுடி” என்றான். பிறகு “விடும்மா”. பல் எலும்பில் பட்டதும், “தாயே, கும்பிடுறேன், விட்டுரு” என்று கதறினான். ஒரு வார்த்தை சிதறாமல் அவள் தலைக்குள் விழுந்தது. அவளுக்கு அது நன்றாக இருந்தது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதுவும் இருந்ததில்லை. விரல் நுனி வாயோடு வந்த பிறகுதான் துப்பினாள்.

இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத தெரு அன்று திரண்டு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூடப் போனாள். விரலைக் கடித்த கேஸிலிருந்து எப்படியாவது இவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பில் எஸ்.ஐ.யம்மாவிடம் முந்திக்கொண்டாள்.

“அம்மா, மிசினு மாட்டலைன்னா இவளுக்கு இடி விழுந்தாக்கூடக் கேக்காது. அவன் அம்புட்டுக் கெஞ்சுனது தெரிஞ்சா விட்டிருக்க மாட்டாளா?”

எஸ்.ஐ.யம்மாவுக்கும் இரக்கம் வந்தது. “அவன் கெஞ்சுனது கேக்கலைன்னே எழுதிக்கிறேன்மா. கேஸுக்கும் அதுதான் நல்லது.”

ரோகிணி, ரத்தத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, மண்டையிலிருந்த வட்டத்தைக் காட்டினாள்.

“மாட்டித்தான் இருந்துச்சு மேடம். அவன்தான் மாட்டிவிட்டான். எல்லாம் கேட்டுச்சு. எழுதுங்க.”