பெற்றவள் தந்த ஆதாரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வருகிறவர்களின் சந்தேகங்களை மதியச் சாப்பாட்டு வேளையில் தீர்த்துவைப்பாள். பாதிப் பேர் தங்களைப் பற்றியே எழுதிவிட்டு வருவார்கள். "உங்களுக்குச் சம்பந்தமில்லாத யாராவது உங்களைப் பற்றி விரிவாக எழுதி வெளிவந்திருக்கிறதா?" என்று முகம் கோணாமல் கேட்பாள்.

ஒருநாள் 'நியாயம்' என்ற புனைபெயரில் ஒருவர் வந்து பிடித்துக்கொண்டார். யாரோ ஒரு லிப்ட் மெக்கானிக்கைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நீக்கிவிட்டார்களாம். அதை இவள் பார்த்ததில்லை. ஆதாரம் கேட்டதற்குப் பழைய பத்திரிகைத் துணுக்கு ஒன்றை அனுப்பினார். லிப்டில் நான்கு பேர் சிக்கிக்கொண்டார்கள். மெக்கானிக் ஒருவர் வந்து கதவைத் திறந்தார். 'அந்த ஒருவர் இவர்தான்' என்று கீழே குறிப்பு.

"போகிற போக்கில் வரும் ஒரு வரி போதாது" என்று பதில் எழுதினாள்.

மறுநாள் புகைப்படம் வந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் மெக்கானிக். பக்கத்தில் வெட்டியது போக மணப்பெண்ணின் முழங்கை மட்டும். அது இவளுடைய முழங்கை.

வீட்டில் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, 'நியாயம்' நீங்கதானா?"

கத்தி நின்றது. "அந்த ஈவிரக்கமில்லாத ஆள் நீதானா? பெத்தவளுக்குத் தெரியாததா பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சிடப்போகுது?"

"வேண்டியவங்க எழுதினா செல்லாது, அத்தை."

"சரி, அப்ப நீ எழுது."

அதற்குப் பிறகு மாமியார் எது சொன்னாலும் மகன் வழியாகத்தான் வந்தது. மகனோ, கட்டுரை போனதில் உள்ளூர மகிழ்ந்திருந்தான்; வேலையிடத்தில் தெரிந்தால் மானம் போகும். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"நல்லாத் தெரிஞ்ச, ஆனா சொந்தமில்லாத எதையாவது எழுதுங்களேன்" என்றாள்.

மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அறைக்கு வெளிச்சம் வராமல் மறித்து நின்றது பழைய தண்ணீர்த் தொட்டி. பல வருடமாக அவர் திட்டித் தீர்க்கும் தொட்டி அது. நூலகத்துக்குப் போனார், பழைய நாளிதழ்களையும், ஒரு பொறியாளர் எழுதிய புத்தகத்தையும் தேடிப் பிடித்தார். 'சனியன்' என்ற சொல்லை மருமகள் கெஞ்சிக் கூத்தாடி எடுக்கவைத்தாள். தொட்டியைப் பற்றிய கட்டுரை நீக்கப்படாமல் நிலைத்தது.

சில வாரம் கழித்து, கடையில் அவள் ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது மாமியார் மூச்சிரைக்க வந்தார்.

"எவனோ என் தொட்டியில கை வச்சிருக்கான்."

வாடிக்கையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியாரை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கைப்பேசியில் படித்துப் பார்த்தாள். தொட்டி கட்டிய வருடத்தை யாரோ ஒருவர் மாற்றி, ஆதாரமாக அதே புத்தகத்தின் பக்க எண்ணையும் கொடுத்திருந்தார்.

"அவர் சரியாத்தான் திருத்தியிருக்கார், அத்தை."

"திருத்தட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக்கூடாதா?"