கையுறையைக் கழற்றிப் போட்டவர்

போன வாரம் அபுதாபியில் ஒரு லிஃப்டில், விளையாட்டுப் பையோடு ஒருவர் ஏறினார். ஈரத்தோலும் வியர்வையும் கலந்து புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்துக்கொண்டேன். பத்திரிகைக்கு வருமுன் அந்த வாடைக்கு நடுவில்தான் எனக்கு வேலை. வெளியே தார் உருகும் வெயில், உள்ளே நான் ஸ்வெட்டரில். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

அது ஐஸ் ஹாக்கி அரங்கம். வெளிநாட்டு வீரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஓர் அணி அங்கே ஆடியது. அவர்களின் கையுறைகளை உலர்த்துவதும் ஸ்கேட் கத்திகளைத் தீட்டுவதும் எங்கள் டியூட்டி. நான், ஜீவா, சிவகங்கைக்காரர் காசி அண்ணன். மூவரும் ஒரே ரூம்.

அணியில் ஆறரை அடி முரடர் ஒருவர் இருந்தார். அவர் கோல் போட்டு நான் பார்த்ததில்லை. அணியின் குட்டி ஆட்டக்காரரை எதிரணியில் எவனாவது இடித்தால், இவர் போய் அவன் முன்னால் நின்று இரண்டு கையுறைகளையும் பனியில் போடுவார். சண்டைக்கு அழைப்பு அது. அடித்து முடித்துத் தண்டனைக் கூண்டில் போய் உட்காருவார். சக வீரர்கள் மட்டையால் ஓரத் தடுப்புப் பலகையைத் தட்டுவார்கள். மரியாதையாம்.

"அடிக்கிறதுக்கே சம்பளமாண்ணே?" என்றான் ஜீவா.

"நம்மூர்ல இதுக்கு கேஸ்தான்டா போடுவாய்ங்க" என்றார் காசி அண்ணன்.

முரடர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அந்தக் குட்டி ஆட்டக்காரர்மேல்தான். இடி வாங்கினாலும் திரும்பிப் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடர்வாரே, அந்த நிம்மதிமேல்.

எங்கள் சூப்பர்வைசருக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை என்னைப் பிடரியில் கைவைத்துத் தள்ளினார். பக்கத்தில் நின்ற காசி அண்ணன் ஸ்கேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சில வாரம் கழித்து, அணி உடைமாற்றும் அறையில் இருந்தபோது, அதே ஆள் ஜீவாவின் காலரைப் பிடித்து, "ஜல்தி, ஜல்தி" என்று உலுக்கினார். காசி அண்ணன் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றார். தன் ரப்பர் கையுறைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார்.

அடிக்கவில்லை. சூப்பர்வைசர் காலரை விட்டார். பெஞ்சில் இருந்த முரடர்தான் முதலில் மட்டையால் தரையைத் தட்டினார். பிறகு அணி மொத்தமும்.

மறுவாரமே காசி அண்ணனின் விசாவை கேன்சல் செய்தார்கள். ஏர்போர்ட்டில் ஜீவா அழுதான். நான் கேட்டேவிட்டேன்.

"என்னையத் தள்ளுனப்ப ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

"நீ தாங்குவடா. அவன் தாங்க மாட்டான்."

பாராட்டுதான். இன்றுவரை அது எனக்கு இனித்ததில்லை.

அரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஃபர்னிச்சர் கடை. ஹாக்கியிலும் அந்த மாதிரி முரடர்கள் அருகிவிட்டார்கள். எல்லோரும் கோல் போட்டாக வேண்டுமாம். காசி அண்ணனின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஜீவா ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் வீட்டில் சாப்பிட்டபோது, அவன் மனைவி ரசம் ஊற்றியபடி கேட்டார்:

"இவருக்காக ஒருத்தர் வேலையவே விட்டாராமே! நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேம்மா."

அந்தக் கதையில் எனக்கு இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.